ஒரு வரியும் விடாமல்

திருவனந்தபுரம், சாலை
1114 ஆவணி 8, புதன்

அன்புள்ள தங்கச்சி பொன்னம்மைக்கு அண்ணன் அழகியநம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உன் கைகால் குடைச்சல் குறைந்ததா? பசு சினை பிடித்ததா? இதை உனக்கு வாசித்துச் சொல்லும் சேஷன் வாத்தியாருக்கும், பூதப்பாண்டியில் உன் வீட்டு முற்றத்தில் கூடி உட்கார்ந்து கேட்கும் தெரு ஜனங்களுக்கும் என் கும்பிடு. முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி இருங்கள். வாத்தியார் வாயில் வெற்றிலை இருக்கும்.

புதன்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வெயிலில் போகக் கூடாது, பகலில் உறங்கவும் கூடாது. இந்த இரண்டும் இல்லையென்றால், முப்பது வருஷம் கோர்ட்டு சம்மன் கொண்டுபோய்க் கொடுத்த கிழவன் வேறு என்ன செய்வான்? ஐந்தாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவான்.

உன் மகன் தங்கப்பன் என் வீட்டில்தான் உண்கிறான். பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறான். சாயங்காலம் மைதானத்தில் பந்து. அதுக்குப் பிறகு மீட்டிங். திங்கட்கிழமை பந்துகளியில் இடது காலால் ஒன்று அடித்தான் பார், கோலில் நின்றவன் பந்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. திரும்பிப் பார்த்து, வலை ஆடுவதைக் கண்டுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டான். அந்த இடது காலைப் பெற்றவள் நீ. வலது கால் அவன் அப்பனுடையது, அது நடக்க மட்டும்தான் உதவும்.

மீட்டிங்கில் உத்தரவாத ஆட்சி வேண்டும் என்கிறார்கள். சர்க்கார் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நான் கேட்டேன்: "லேய், அது வந்தா அரிசி வெல குறையுமா?" அவன் சொல்கிறான்: "குறையல்லேன்னா யாருகிட்ட கேக்கணும்னு தெரியும்லா மாமா." பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனால் அவனுக்கு ரசம் ஊற்றவில்லை.

நவராத்திரி வருகிறது. போன வருஷம் வாத்தியார் இங்கே வந்து, கோட்டைக்குள் கச்சேரி கேட்டாரே, நினைவிருக்கிறதா? பாடகர் தோடி இழுக்கும்போது இவர் குறட்டை சுருதியோடு சேர்ந்து நின்றது. தம்பூராக்காரன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். வாத்தியாரே, இந்த வரியைச் சத்தமாக வாசியும்.

அன்பு அண்ணன்,
அழகியநம்பி

பூதப்பாண்டி
1114 ஆவணி 13

மகாராஜராஜஸ்ரீ அழகியநம்பி பிள்ளை அவர்களுக்கு, தங்கை பொன்னம்மை சொல்ல எழுதியது. க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

கடிதம் வாசிக்கப்பட்டது. தெருவில் உள்ளவர்கள் மிகவும் சிரித்தார்கள். பசு சினையாக இருக்கிறது. தங்கப்பன் மீட்டிங்குக்குப் போவதைத் தாங்கள் கண்டிக்க வேண்டும். எனக்கு அவன் ஒருவனே. அவனுக்கு ரசம் ஊற்றாமல் இருக்க வேண்டாம்.

பொன்னம்மை (கைநாட்டு)

பின்குறிப்பு: எழுதிக்கொடுத்தது சேஷன். கொடுத்த கடிதத்தை உள்ளது உள்ளபடி வாசிப்பதே முறை என்பதால், என் குறட்டையையும் நானே வாசித்தேன். முகத்துக்கு நேரே வாசிக்கத் தகாததைத் தவிர்த்தால் உபகாரம்.

திருவனந்தபுரம், சாலை
1114 ஆவணி 22, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கு. நான் சுகம். வாத்தியாரும் சுகமாகத்தான் இருப்பார், கோபம் உடம்புக்கு நல்லது.

பயப்படாமல் கேள். நம்ம வீட்டுக்குப் போலீசு வந்தது. கடற்கரையில் தடையை மீறிப் பேசினவர்கள் பேரில் எல்லாம் வாறண்டு. தங்கப்பன் பேரும் அதில் இருக்கிறது. அவன் முந்தின நாளே கிளம்பிவிட்டான். வெள்ளென நாலு பேர் வந்து கட்டிலுக்கு அடியில், நெல் குதிருக்குள், என் வெற்றிலைப் பெட்டிக்குள் எல்லாம் பார்த்தார்கள். வெற்றிலைப் பெட்டிக்குள் அவன் எப்படிப் படுப்பான் என்று கேட்டேன். பரணில் ஏதோ உருண்டையாகத் துணியில் சுற்றி இருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் "இது என்னவாக்கும்?" என்றார். "குண்டு" என்றேன். நாலு பேரும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். நானே அவிழ்த்துக் காட்டினேன், பந்து. அதில் காற்றுகூட இல்லை. ஹெட் கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்று, "கிழவா, உன் வாய் உனக்குச் சத்துருவாக்கும், கேட்டோ" என்றார். சர்க்கார் உத்தியோகஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிள்ளை சுகம். அட்டை கடிக்கிற மலையில், வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேறு பேரில் கூலிக்கணக்கு எழுதுகிறான். சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவரும் வண்டிக்காரன் எனக்குச் செய்தி சொல்கிறான். சிங்கம் மாதிரி இருந்தவன் இப்போது அட்டைக்குச் சாப்பாடு போடுகிறான்.

அன்பு அண்ணன்,
அழகியநம்பி

பூதப்பாண்டி
1114 ஆவணி 29

மகாராஜராஜஸ்ரீ அண்ணாச்சி அவர்களுக்கு. க்ஷேமம். பிள்ளை சுகம் என்பது போதும். இனி அவனுடைய சுகத்தை மட்டும் எழுதினால் போதும். மற்றது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரு பெரிய தெரு. மழை இல்லை.

பொன்னம்மை (கைநாட்டு)

பின்குறிப்பு: என் கண்ணில் புரை வளர்கிறது. கடிதத்தில் கடைசிப் பக்கம் சரியாகத் தெரியவில்லை. இது தங்களுக்குப் புரியும் என நம்புகிறேன். சேஷன்.

திருவனந்தபுரம், சாலை
1114 புரட்டாசி 12, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கும், அவள் முற்றத்துச் சபையோருக்கும். நான் சுகம். எண்ணெய் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம், காகிதத்தில் பட்டிருந்தால் தேங்காய் வாசனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாத்தியார் கண்ணைப் பற்றி. நாகர்கோவில் பஸ் ஓட்டுகிற தாசையன் போன வாரம் இங்கே வந்தான். உன் முற்றத்தில் அவனும் இருந்தானாம். தோட்டத்து வரி வந்தபோது வாத்தியார் இருமினாராம், இருமி முடித்ததும் "அன்பு அண்ணன் அழகியநம்பி" என்று முடித்துவிட்டாராம். அட்டையைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாதாம். நான் இரண்டு நாள் யோசித்து எழுதின அட்டை அது. வாத்தியாரே, இருபது வருஷம் பிள்ளைகளை "விழுங்காமல் வாசி" என்று அடித்தவர் நீர். இப்போது நீரே விழுங்கலாமா? பொன்னம்மை, இந்தக் கடிதத்தை அவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு வரியும் விடவில்லை என்று சத்தியம் வாங்கிக்கொள். விட்டால் தாசையன் எனக்குச் சொல்வான். அடுத்த புதன்கிழமை, கச்சேரிக்கு வந்த இடத்தில் வாத்தியார் கோயில் பிரசாதம் இரண்டாம் தரம் வாங்க மீசையைத் துணியால் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்ற கதையை எழுதுவேன்.

நேற்றுக் கோட்டைக்குள் கச்சேரி கேட்டேன். பாட்டு தேன். ஆனால் ராஜா முன்னால் பாடுகிற இடம், கைதட்டக் கூடாது. பாடகர் உயிரைக் கொடுத்து முடிக்கிறார், எல்லாரும் சட்டையில்லாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். அது எனக்குச் சரிப்படாது. நான் எழுதினால் பூதப்பாண்டியில் ஒருத்தராவது சிரித்தார் என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி சோறு இறங்காது.

அரசியல் ஒன்றும் இல்லை. பேசினவர்கள் எல்லாம் உள்ளே. வெளியே இருப்பவர்கள் எல்லாம் என்னைப் போல.

இனிப் பந்து. வருகிற புதன்கிழமை பைனல். தங்கப்பன் கூட்டாளிகள் ஆடுகிறார்கள். அவன் இல்லாமலே பைனல் வந்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சந்தோஷமும் பொறாமையும். பார்க்காமல் இருக்க முடியாது, வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். ஒரு மாதத் தாடி. தலையில் பச்சைத் துண்டு. கையில் அத்தர்ப் பெட்டி. கோல் போஸ்டுக்குப் பின்னால் கிழக்கு மதிலில், அத்தர் விற்கிற சாயிபு மாதிரி உட்காருவானாம். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்கிறான். நான் பக்கத்தில் போய் "அத்தர் என்ன விலை சாயிபே?" என்று கேட்கப் போகிறேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஊர் ஜனங்களே, மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போலீசுக்காரன் பூதப்பாண்டி முற்றத்துக்கா வரப் போகிறான்?

அன்பு அண்ணன்,
அழகியநம்பி

பூதப்பாண்டி
1114 புரட்டாசி 15

மகாராஜராஜஸ்ரீ அண்ணாச்சி அவர்களுக்கு. க்ஷேமம். கடிதம் ஒரு வரியும் விடாமல் வாசிக்கப்பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். போலீசில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு மருமகப்பிள்ளை பூஜை லீவில் வந்திருந்தார், அவரும் முற்றத்தில் இருந்து கேட்டார். மறுநாளே, லீவு முடியும் முன்பே, வேலைக்குத் திரும்பிவிட்டார்.

தங்கப்பன் பந்து பார்க்க வர வேண்டாம். எப்படியாவது சொல்லியனுப்புங்கள். வர வேண்டாம்.

பொன்னம்மை (கைநாட்டு)

திருவனந்தபுரம், சாலை
1114 புரட்டாசி 26, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கு. நான் சுகம். உன் கடிதம் பூஜை லீவில் அஞ்சலில் கிடந்து, வியாழக்கிழமை காலையில் வந்தது. பைனல் புதன்கிழமை சாயங்காலம்.

நம்ம பிள்ளைகள் இரண்டு, அவர்கள் ஒன்று. முதல் கோல் தலையால். இரண்டாவது, வலது பக்கத்தில் இருந்து நீளமாக வந்த பந்து. தங்கப்பன் இருந்திருந்தால் அதை நிறுத்தாமலே அடித்திருப்பான். இவன் நிறுத்தி, திரும்பி, யோசித்து அடித்தான். ஆனாலும் கோல்தான். பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம்.

கிழக்கு மதிலில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டியவர்கள் நாலு பேர், அதில் இரண்டு பச்சை. இடைவேளையில் நான் அந்தப் பக்கம் நடந்தேன். இன்னும் பத்தடி இருக்கும். அப்போது போலீசு உடுப்புப் போடாத ஒருத்தன் நேரே தங்கப்பனிடம் போனான். அடுத்த பச்சைத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தர் என்ன விலை சாயிபே?" என்றான். நான் கேட்க வாய் திறந்தது திறந்தபடி நின்றேன்.

தங்கப்பன் அவனைப் பார்க்கவில்லை, தாண்டி என்னைத்தான் பார்த்தான். நான்தான் ஆளை வைத்து விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் நின்றேன். உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

யார் சொன்னது என்று தெரியவில்லை. கூட ஆடினவன் எவனாவது இருக்கும். பந்துக்காரர்களுக்குள் பொறாமை உண்டு.

அண்ணன்,
அழகியநம்பி

பூதப்பாண்டி
1114 புரட்டாசி 30

ஐயா,

இது பொன்னம்மை சொல்லி எழுதியதல்ல. என் சொந்தக் கடிதம்.

தங்கள் கடிதத்தை வாசித்தேன். கூட ஆடினவன் என்ற இடத்தில் நான் இருமவில்லை. பொன்னம்மை எழுந்து உள்ளே போனார். முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எதிர்வீட்டு மருமகன் முன்வரிசையில் இருந்தார். வாசிக்கத் தொடங்குமுன்பே பார்த்துவிட்டேன். நான் இருமியிருக்கலாம். ஆனால் கடிதத் தொடக்கத்திலேயே தாங்கள் என்னைக் கட்டிப் போட்டுவிட்டீர்கள். தெரு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, "வாத்தியாரே முழுங்காதீரும்" என்று பின்னால் இருந்து ஒருவர் சத்தம் போட்டார். பிரசாத வரிசையில் இரண்டாம் தரம் நின்றவன் என்ற பெயருக்குப் பயந்து வாசித்தேன். அறுபத்திரண்டு வயதில் அதுதான் என் தைரியம். சாயிபு வரியை அந்த மருமகன் மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசித்தேன். அவர் அளவுக்கு வேறு யாரும் சிரிக்கவில்லை.

இனி இந்த வீட்டுக் கடிதங்களை நான் வாசிப்பதற்கில்லை, எழுதுவதற்கும் இல்லை. தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தங்கள் தேகசுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
சேஷன்

திருவனந்தபுரம், சாலை
1114 ஐப்பசி 9, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கு. யார் வாசிக்கிறார்களோ அவர்களுக்கும்.

ராஜாவின் பிறந்தநாளை ஒட்டி எல்லாரையும் விட்டுவிட்டார்கள். ஜெயில் வாசலில் மாலை, கொடி, பெருங்கூட்டம். வாறண்டு எல்லாம் ரத்து. மலையில் ஒளிந்திருந்த மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே இறங்கி, சாயா குடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு அடிகூட விழவில்லை. பதினெட்டு நாள். பதினெட்டு நாள் பொறுத்திருந்தால் போதும்.

தங்கப்பனை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இடது முட்டு. பந்து அடிக்கிற கால் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடித்தார்களாம். வைத்தியர் கட்டுப் போட்டார், மடங்காது என்கிறார். தாசையன் பஸ்ஸில் நீட்டிப் படுக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். வண்டி புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அண்ணைக்கு உமக்கு முன்னால அவன் கேட்டுட்டானே" என்று சிரித்தான். அவன் சிரித்தான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யார் கையில் இந்தக் காகிதம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

அண்ணன்

திருவனந்தபுரம், சாலை
1114 கார்த்திகை 8, புதன்

தங்கச்சிக்கு. நான் சுகம். நாலு புதன்கிழமை ஆகிவிட்டது. பிள்ளை நடக்கிறானா? பசு கன்று போட்டிருக்குமே. காளையா, கிடாரியா? அதை மட்டுமாவது யாரையாவது கொண்டு எழுதச் சொல்.

பூதப்பாண்டி
மார்கழி 28

அண்ணாச்சிக்கு பொன்னம்ம எழுதுறது. இது என் கை. சொகமா.

வேதக்காரி தங்கபாய் தெருவுக்கு வருவா இல்லியா, பொம்பளைகளுக்கு எழுத்து சொல்லிக் குடுக்க. வேதத்துக்கு வரல்ல, எழுத்துக்கு மட்டும் வாறேன்னு சொன்னேன். சரின்னா. முறத்துல மணலப் பரத்தி எழுதிப் படிச்சேன்.

ஒங்க புரட்டாசி பன்னெண்டு கடுதாசியத்தான் மொதல்ல வாசிச்சேன். எழுத்துக் கூட்ட மூணு நாளாச்சு. வாத்தியார் வாசிச்சப்ப நானும் சிரிச்சேன் அண்ணாச்சி. எம்பிள்ள பச்சத் துண்டு கெட்டி அத்தர் விக்கத நெனச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன். பொறவுதான் அந்த மருமவன் மொகத்தப் பாத்தேன். ஒங்கள மட்டும் சொல்ல எனக்கு வாயில்ல.

தங்கப்பன் கம்பூனிக் கெணத்தடி வரைக்கும் நடக்கான். காலு நீட்டுனது நீட்டுனபடிதான். காட்டிக் குடுத்தது யாருன்னு தெரியணும்ங்கான். தெருவுல ஒருத்தரும் சொல்லல்ல, வாத்தியார் எல்லார்ட்டயும் போயி சத்தியம் வாங்கிட்டாரு. மாமா ஒருத்தருதான் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு நாள் நின்னாருன்னு வாறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதான். அதுவும் இல்லாம ஆக்காண்டாம். ஒங்க கடுதாசி எல்லாத்தயும் அடுப்புல வச்சிட்டேன்.

புதன்கெழமக் கடுதாசி ஏன் வரல்லன்னு கேட்டான். மாமாவுக்குக் கைநடுக்கம், பேனா பிடிக்க ஒக்கல்லன்னு சொல்லியிருக்கேன். இனி எழுதாண்டாம்.

கிடாரி.

பொன்னம்ம

திருவனந்தபுரம், சாலை
1114 தை 5, புதன்

ஸ்ரீமதி பொன்னம்மை அவர்களுக்கு, அண்ணன் அழகியநம்பி பிள்ளை சொல்ல, சாலைக் கடைக் கணக்கர் அருமைநாயகம் எழுதியது.

சுகம். தங்கள் சுகமும் மருமகன் தங்கப்பன் சுகமும் அறிய ஆவல். தங்கள் அண்ணன் அவர்களுக்குக் கைநடுக்கம் அதிகமாக இருப்பதால் இனிக் கடிதம் எழுத இயலாது. இந்தக் கடிதத்தை மருமகன் கையில் கொடுத்து, அவரையே ஒரு வரியும் விடாமல் வாசிக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார். வேறு விசேஷம் இல்லை.

அழகியநம்பி பிள்ளை (கைநாட்டு)